நுரையும் கல்லும்: நிமோனியாவைக் கண்டறிந்த வரலாற்றில் மொழியின் பங்கு

1. முன்னுரை

நோயின் பெயர் ஒருமுறை இடப்பட்டு அவ்வாறே நிலைத்துவிடுவதன்று. நோயைக் கண்டறியும் முறை மாறும்போதெல்லாம் பெயரின் பொருளும் மாறுகிறது. சிலவேளைகளில் பெயரே மாறுகிறது. எனினும் பழைய பெயர் அழிந்துவிடுவதில்லை. அது மக்கள் வழக்கில் தங்கிப் புதிய பெயரின் அருகிலேயே வாழ்கிறது. மருத்துவ மொழிபெயர்ப்பில் நேரும் இடர்ப்பாடுகள் பல இவ்வடுக்குகளிலிருந்தே பிறக்கின்றன. பாக்டீரியாவால் உண்டாகும் நிமோனியா இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இந்நோயைக் கண்டறிந்த வரலாறு கருவிகளின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் மொழிபெயர்ப்பும் சொல்லாக்கமும் நோயாளியின் பேச்சும் கருவிகளுக்கு இணையான பங்கு வகித்துள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

இச்சிக்கலை நேரில் காண ஏற்ற களம் பெங்களூரின் ஆஸ்டின் டவுன். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைப் பெங்களூரில் நிலைநிறுத்தியதைத் தொடர்ந்து கண்டோன்மென்ட் உருவாயிற்று. படையைச் சார்ந்து வணிகம் செய்தோரும் கைத்தொழிலாளரும் கூலி உழைப்பாளரும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் அங்குக் குடியேறினர். இந்நிலப்பகுதி 1947ஆம் ஆண்டில் மைசூர் அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. இப்பழைய கண்டோன்மென்ட் பகுதியின் குடியிருப்புகளுள் ஒன்றான ஆஸ்டின் டவுனில் தமிழ் வீட்டுமொழியாகவும், கன்னடம் ஆட்சிமொழியாகவும், தெலுங்கும் தக்கினி உருதும் அண்டைவீட்டு மொழிகளாகவும், ஆங்கிலம் மருத்துவரின் கல்விமொழியாகவும் விளங்குகின்றன. இத்தகைய இடத்தில் நோயாளி சொல்வது மருத்துவக் குறிப்பேட்டில் ஏறுவதற்குள் இருமுறையேனும் மொழிபெயர்க்கப்படுகிறது.

2. பெயரின் அடுக்குகள்

கிரேக்க மருத்துவர் நுரையீரலைக் குறித்த சொல்லிலிருந்தே நிமோனியா என்னும் பெயரை அமைத்தனர். காய்ச்சல், விலாவில் குத்தும் வலி, இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வரும் நிலையை அவர்கள் அப்பெயரால் வழங்கினர். பெயர் உறுப்பைச் சுட்டினாலும், கண்டறிந்த முறை குறிகளை நோக்கியதேயாகும். நோய்க்காரணம் பெயரில் இடம்பெறவில்லை.

தமிழ் மருத்துவ மரபில் இக்குறிகளை உடைய நிலைகள் வேறு வகைப்பாட்டில் அடங்கின. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றும் ஒருங்கே சீற்றமடைந்த நிலை சன்னிபாதம் எனப்பட்டது. காய்ச்சலோடு பிதற்றலும் நினைவுத் தடுமாற்றமும் காணும் நிலையை மக்கள் இன்றும் சன்னி என்கின்றனர். கடும் நிமோனியாவில் பிதற்றல் தோன்றக்கூடும். ஆயின் பிதற்றல் தோன்றும் காய்ச்சல் அனைத்தும் நிமோனியா அன்று. ஆகவே சன்னியை நிமோனியாவுக்கு நேர்ச்சொல்லாகக் கொள்ள இயலாது. இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்கு எய்திய கபவாத சுரம் என்னும் தொடர், புதிய நோய்ப்பெயரைப் பழைய முக்குற்றக் கொள்கையின் சொற்களால் பெயர்க்க முயன்றதன் விளைவாகும். நுரையீரல் அழற்சி என்பது இவற்றுக்குப் பின் வந்த கலைச்சொல். அழல், அழற்சி என்னும் சொற்கள் வெம்மையையும் எரிச்சலையும் உணர்த்துவன. உறுப்பின் திசுவில் நிகழும் மாற்றமே நோய் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கருத்தை இக்கலைச்சொல் தாங்கியுள்ளது.

எனவே கபவாத சுரம், நுரையீரல் அழற்சி, நிமோனியா என்னும் மூன்றும் ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும், முதலாவது குற்றங்களின் நிலையையும், இரண்டாவது உறுப்பின் நிலையையும், மூன்றாவது மேலை மருத்துவத்தில் காலந்தோறும் பொருள் மாறிவந்த ஒரு வகைப்பாட்டையும் குறிக்கின்றன. இவற்றைத் தரம் பிரிக்காமல் மாற்றி மாற்றி வழங்கும் மொழிபெயர்ப்பு, மூன்று காலத்து மருத்துவத்தை ஒரே பத்தியில் கலந்துவிடுகிறது.

3. தட்டியறிதலும் கேட்டறிதலும்

உயிரோடிருப்பவரின் மார்புக்குள் நிகழ்வதைப் புறத்தேயிருந்து அறியலாம் என்பதை 1761ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் ஔவன்புருக்கர் சிறியதோர் இலத்தீன் நூலில் எடுத்துரைத்தார். மார்பை விரலால் தட்டினால் காற்று நிறைந்த இடம் முழங்கும். நீரோ கட்டியோ நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். இந்நூல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெரிதும் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. 1808ஆம் ஆண்டில் கோர்விசார் இதனைத் தம் விளக்கங்களோடு பிரெஞ்சில் பெயர்த்த பின்னரே தட்டியறியும் முறை மருத்துவமனைகளில் பரவியது. ஒரு நோயறி முறைக்கு மொழிபெயர்ப்பு மறுவாழ்வு அளித்ததற்கு இது தெளிவான சான்றாகும்.

கோர்விசாரின் மாணவர் இலென்னெக் 1816ஆம் ஆண்டில் காகிதச் சுருளொன்றை நோயாளியின் மார்பில் வைத்து இதய ஒலியைக் கேட்டார். அதுவே பின்னர் மரக்குழலாகி இன்றைய ஸ்டெதாஸ்கோப்புக்கு வழிவகுத்தது. 1819ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல், மார்பில் கேட்கும் ஒலிகளை இறந்தோரின் உடலை அறுத்துக் கண்ட மாற்றங்களோடு பொருத்திக் காட்டியது. நிமோனியாவில் நுரையீரல் முதலில் குருதி தேங்கிக் கனக்கிறது. பின்னர்ச் செந்நிறமாக இறுகி ஈரல் போலாகிறது. அதன்பின் சாம்பல் நிறம் எய்திச் சீழ் கொள்கிறது என அவர் மூன்று படிநிலைகளை வகுத்தார். இரண்டாம் படிநிலைக்கு அமைந்த பெயர், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கப்பட்டது.

இவ்விடத்தில் தமிழின் உறுப்புப் பெயர்கள் கருதத்தக்கன. தமிழில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்னும் மூன்றும் ஈரல் என்னும் பொதுப்பெயரின் கீழ் அடங்குகின்றன. நுரை, கல், மண் என்னும் அடைகள் அவற்றை வேறுபடுத்துகின்றன. நுரை போன்றது காற்றறைகள் நிறைந்த ஈரல். கல் போன்றது கெட்டியான ஈரல். இலென்னெக் புதிய கிரேக்க ஆக்கத்தால் உணர்த்தியதைத் தமிழ் தன் பழைய பெயர்களைக் கொண்டே உணர்த்த வல்லது: நுரையீரல் கல்லீரல் போலாதல். காற்றுச் சிற்றறைகளில் நீரும் குருதிக்கூறுகளும் நிறைந்து நுரைத்தன்மை நீங்கும்போது தட்டொலி மந்தமாவதன் காரணத்தையும் இப்பெயர்களே விளக்கிவிடுகின்றன. ஆங்கில மாணவர் தனியே கற்கவேண்டிய உவமை தமிழ் மாணவருக்கு உறுப்பின் பெயரிலேயே அமைந்துள்ளது. இவ்வாய்ப்பை நழுவவிட்டுத் திண்மமாதல் என்று மட்டும் பெயர்ப்பது பிழையன்று; ஆயினும் மொழியின் வளத்தைப் பயன்கொள்ளாமையாகும்.

4. ஒரு சொல் இரண்டான கதை

இலென்னெக் மார்பில் கேட்ட இயல்பு மீறிய ஒலிகள் அனைத்தையும் பிரெஞ்சில் ‘ரால்’ என்ற பொதுச்சொல்லால் வழங்கினார். அச்சொல் மக்கள் வழக்கில் சாகுந்தறுவாயில் தொண்டையில் எழும் கறகறப்பையும் குறித்தது. நோயாளியின் படுக்கையருகே அதனைச் சொல்வது அச்சமூட்டும் என்பதால், அதே பொருளில் ‘ராங்கஸ்’ என்னும் இலத்தீன் வடிவத்தை அவர் ஆண்டார். ஆகவே தொடக்கத்தில் இவை ஒரே பொருளைக் குறித்த இரு சொற்கள். ஒன்று ஏட்டுக்குரியது; மற்றொன்று நோயாளியின் செவிக்கு இதமானது.

இந்நூலை ஜான் போர்ப்ஸ் 1821ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இக்கருவி பொதுவழக்குக்கு வருமா என அவரே முன்னுரையில் ஐயுற்றிருந்தார். கருவி வழக்குக்கு வந்தது, சொற்களோ குழம்பின. பின்வந்தோர் இரு சொற்களும் இரு வேறு ஒலிகளைக் குறிப்பன எனக் கொண்டு, விட்டுவிட்டு வெடிக்கும் ஒலிக்கு ஒன்றையும், தொடர்ந்து இழையும் ஒலிக்கு மற்றொன்றையும் உரிமையாக்கினர். ஆசிரியருக்கு ஆசிரியர் பொருள் வேறுபட்டது. 1957ஆம் ஆண்டில் இராபர்ட்சன், கூப் ஆகிய இருவரும் இக்குழப்பத்தின் வரலாற்றை ஆராய்ந்து எளிய ஆங்கிலப் பெயர்களைப் பரிந்துரைத்தனர். அமெரிக்க மார்புநோய்க் கழகம் 1977ஆம் ஆண்டில் பெயர்களை வரையறுத்தது. 1985ஆம் ஆண்டில் டோக்கியோவில் கூடிய அறிஞர்கள் பல மொழிகளுக்கும் ஒத்த பெயர்ப்பட்டியலை வகுத்தனர். நோயாளியிடம் காட்டிய பரிவினால் பிறந்த ஓர் இணைச்சொல் ஒன்றரை நூற்றாண்டுக் குழப்பத்துக்கு வித்திட்டது. இணைச்சொற்களை ஆளும்போது அவை ஒருபொருளன என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளர் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம்.

நிமோனியாவின் தொடக்கத்தில் கேட்கும் நுண்ணிய வெடிப்பொலியை இலென்னெக் சூடான சட்டியில் உப்புப் பொரியும் ஒலிக்கு ஒப்பிட்டார். பொரிதல் என்னும் தமிழ் வினை இவ்வொலியையும் அதன் விட்டுவிட்டு நிகழும் இயல்பையும் ஒருசேர உணர்த்துவது. பொரியொலி என்ற ஆக்கம் கற்போருக்கு எளிதில் விளங்கும். தொடர்ந்து இழையும் ஒலியோடு மயங்கவும் இடந்தராது.

5. குரல்வழி அறிதல்

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, தொடுகை, நா, நிறம், விழி, மலம், சிறுநீர் ஆகியவற்றோடு மொழியும் ஒன்று. நோயாளியின் குரலும் பேச்சும் தேர்வுக்குரியன என்பது அம்மரபின் துணிபு. ஒலிகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியலும் உந்தியிலிருந்து எழும் காற்று நிலைபெறும் இடங்களுள் நெஞ்சையும் எண்ணுகிறது. மேலை மருத்துவம் வேறொரு வழியில் நோயாளியின் குரலைத் தேர்வுப்பொருளாக்கிற்று.

இயல்பான நுரையீரல் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கடத்தி, ஏறத்தாழ நொடிக்கு 200 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. நுரைத்தன்மை இழந்து இறுகிய பகுதியோ உயர்ந்த அதிர்வெண்களையும் கடத்துகிறது. ஆகையால் அவ்விடத்தில் வைத்த குழலில் நோயாளியின் பேச்சு உரத்தும் தெளிந்தும் கேட்கிறது. கிசுகிசுத்த பேச்சும் கேட்கிறது. மார்புக்கூட்டில் நீர் கோத்திருப்பின் தட்டொலி அப்போதும் மந்தமே. ஆனால் குரல் தேய்ந்து கேட்கும். தட்டொலியால் பிரித்தறிய முடியாத இரு நிலைகளைப் பேச்சொலி பிரித்துக் காட்டுகிறது.

இத்தேர்வில் நோயாளி சொல்லவேண்டிய சொல் எது என்பது மொழியியல் சார்ந்த வினா. ஜெர்மன் மருத்துவர் தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணைத் தம் மொழியில் சொல்லச் செய்தனர். ‘நாய்ன்-உண்ட்-நாய்ன்ட்சிக்’ என்னும் அவ்வெண்ணில் ‘ஒய்’ என்ற ஈருயிரும் மூக்கொலிகளும் மீண்டும் மீண்டும் வந்து மார்பை நன்கு அதிரச் செய்கின்றன. ஆங்கிலேயர் அவ்வெண்ணை அப்படியே தம் மொழியில் ‘நைன்டி-நைன்’ எனப் பெயர்த்தனர். பொருள் பெயர்ந்தது, ஒலியின் பயன் குறைந்தது. 1973ஆம் ஆண்டில் வில்லியம் டாக் இதனைச் சுட்டிக்காட்டி, ‘ஒய்’ ஈருயிரை உடைய ஆங்கிலச் சொற்களே இதற்குத் தக்கவை என்றார்.

இதனைத் தமிழாக்கிய கையேடு ‘தொண்ணூற்றொன்பது எனச் சொல்லுமாறு கேட்கவும்’ என எழுதினால் தவறு இரட்டிப்பாகிறது. அச்சொல் நீண்டது, தொடக்கத்திலும் இடையிலும் அதிர்விலா வல்லொலிகளை உடையது. தமிழ் நோயாளியிடம் ‘ஒண்ணு, ஒண்ணு’ எனச் சொல்லச் செய்வதே பொருத்தமானது. முதலில் இதழ் குவிந்த உயிர், அடுத்து நெடிது ஒலிக்கும் இரட்டித்த ணகர மூக்கொலி, முழுச்சொல்லும் அதிர்வுடையது. எழுத்துவழக்கின் ‘ஒன்று’ என்பதைக் காட்டிலும் பேச்சுவழக்கின் வடிவமே தேர்வுக்கு ஏற்றது என்பதும் நோக்கத்தக்கது. மொழிபெயர்க்க வேண்டியது சொல்லின் பொருளை அன்று, அதன் தொழிலை என்பதற்கு இதைவிட எளிய சான்று காண்பது அரிது.

மற்றொரு குறியும் உண்டு. இறுகிய நுரையீரலின் மேல் கேட்கும் குரல் ஆட்டின் கனைப்புப் போன்ற தன்மை பெறுவதால் இலென்னெக் அதற்கு ஆட்டுக்குரல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரிட்டார். நோயாளி ‘ஈ’ எனச் சொல்ல, மருத்துவர் செவிக்கு அது ‘ஏ’ போல் ஒலிக்கும். ஆங்கில நூல்கள் தம் எழுத்துகள் இரண்டின் பெயர்களைக் கொண்டு இம்மாற்றத்தைக் குறிக்கின்றன. எழுத்தை மட்டும் நோக்குவோர் அதனை ‘எ’ என்பது ‘அ’ ஆதல் எனத் தவறாகப் பெயர்க்க இடமுண்டு. ஈயும் ஏயும் தனி ஒலியன்களாகவும் தனி எழுத்துகளாகவும் அமைந்த தமிழில் இக்குறியை எழுத்தாலேயே திருத்தமாகப் பதிவுசெய்யலாம்.

6. யாழ்ப்பாணத்து முன்னோடி

இம்முறைகள் ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்ட காலத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. 1847ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, 1864ஆம் ஆண்டு முதல் தமிழைப் பயிற்றுமொழியாக்கினார். தம் மாணவர்களின் துணையோடு அவர் ஆக்கியளித்த நூல்களுள் இரண வைத்தியம் 1867ஆம் ஆண்டிலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. வைத்தியாகரம் ஹூப்பரின் மருத்துவக் கைநூலைத் தழுவியது.

கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ்ச் சொல்லையும், அது கிடையாதாயின் வடசொல்லையும், அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்வது கிறீனின் நெறி. பின்னர் 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அமைத்த சங்கமும், 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் மேற்கொண்ட சொல்லாக்கப் பணியும், 1940ஆம் ஆண்டில் சீனிவாச சாஸ்திரியார் குழு வடமொழிச் சார்போடு அளித்த பரிந்துரைகளுக்கு எழுந்த எதிர்ப்பும் இவ்வரிசையை ஒட்டியும் வெட்டியும் நிகழ்ந்தவையே. எனினும் இம்முயற்சிகளின் கவனம் பெரிதும் நூலுக்குரிய பெயர்ச்சொற்களில் நின்றது. நோயாளி தன் துன்பத்தைச் சொல்லும் வினைச்சொற்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை.

7. கிருமியைக் காணல்

1881ஆம் ஆண்டில் பாஸ்டரும் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே, எச்சிலில் இணை இணையாக அமைந்த ஒரு நுண்ணுயிரைக் கண்டு வெளியிட்டனர். பெர்லினில் பிரீட்லாண்டர் நிமோனியாவால் இறந்தோரின் நுரையீரலில் பாக்டீரியாவைக் கண்டார். அவரோடு பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் கிராம், நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகக் காணும்பொருட்டு 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட சாயமுறையே இன்று உலகெங்கும் பாக்டீரியாவை இருவகைப்படுத்தப் பயன்படுகிறது. பிரீட்லாண்டரும் பிரெங்கலும் நிமோனியாவின் காரணி எது என வாதிட்டனர். இருவரும் சுட்டியவை வெவ்வேறு உயிர்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒன்று கிராம் சாயத்தின் ஊதாவைத் தக்கவைத்துக்கொள்ளும், மற்றொன்று இழந்துவிடும்.

இத்துடன் நிமோனியா என்பது ஒரு நோயின் பெயர் என்னும் நிலை மாறி, பல காரணங்களால் நுரையீரல் எய்தும் ஒரு நிலையின் பெயராயிற்று. பாக்டீரியாவால், வைரசால், பூஞ்சையால் எனக் காரணம் கூறும் அடை தேவைப்பட்டது. தமிழில் கிருமி என்னும் சொல் முதலில் புழுவைக் குறித்து, இன்று கண்ணுக்குத் தெரியாத நோயுயிர் அனைத்தையும் தழுவுகிறது. ‘நுரையீரலில் கிருமித் தொற்று’ என்ற தொடர் பாக்டீரியாவை வைரசிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. ஆதலின் இவ்வேறுபாடு மொழி நயம் பற்றியதன்று. மருந்து வேண்டுமா வேண்டாவா என்பது பற்றியது. நோயாளிக்கான குறிப்புகளில் கிருமி என்பதைப் பொதுப்பெயராகவும், பாக்டீரியா, வைரஸ் என்பனவற்றைச் சிறப்புப் பெயர்களாகவும் ஆள்வது மயக்கம் தவிர்க்கும்.

சளி, குருதி ஆகியவற்றின் சோதனையும், 1895ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட எக்ஸ்-கதிரின் படமும் நோயறிதலுக்கு வலுச்சேர்த்தன. ஆயினும் படத்தில் தெரியும் வெண்மை அதன் காரணியைத் திட்டமாகச் சொல்வதில்லை. குருதியில் கிருமி வளர்வதும் நோயாளிகளுள் சிறுபகுதியினரிடமே. சிறு குழந்தையிடம் சளியைப் பெறுவதே கடினம். எனவே நோயறிதல் மீண்டும் குறிகளையும் பேச்சையும் நாடவேண்டியதாயிற்று.

8. வேலூர் ஆய்வும் மூச்செண்ணலும்

எக்ஸ்-கதிர்க் கருவியோ மருத்துவரோ இல்லாத சிற்றூரில் இருமும் குழந்தைகளுள் எதற்கு உடனே மருந்து தேவை என அறிவது 1980களில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் முன்னிருந்த வினா. பப்புவா நியூ கினியில் பிராங்க் ஷேன் முதலியோர் மூச்சின் வேகத்தைக் கொண்டு நிமோனியாவை அறிய முற்பட்டனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோரின் ஆய்வு 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-க்கு மேலும், ஓராண்டுக்கு மேற்பட்ட சிறுகுழந்தைக்கு 40-க்கு மேலும் மூச்சு ஓடுவது நுரையீரல் தொற்றின் நம்பத்தக்க குறி என அது காட்டியது. மார்புக்கூடு உள்வாங்குதலும் அத்தகைய குறியே. அவற்றோடு, குழந்தை வேகமாக மூச்சு விட்டதாக உடனிருப்போர் கூறும் செய்தியும் நம்பத்தக்க குறிகளுள் ஒன்றாக அமைந்தது. தாயின் கூற்று தேர்வுமுடிவுகளோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டது என்பதே இங்குக் கருதவேண்டிய செய்தி.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இன்று இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பதினொரு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பன எல்லைகள். இவ்வெண்ணையோ இதற்கு மேற்பட்டதையோ கண்டால் மூச்சு வேகமானதாகக் கொள்ளப்படும். அமைதியாக உள்ள குழந்தையிடம் ஒரு நிமிடம் முழுதும் எண்ணவேண்டும். மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், இராணி பங் ஆகியோர் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணிகளும் மணற்கடிகையும் கொண்ட மூச்செண்ணியை அமைத்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியாகத் தள்ளிவர, சிவப்பு மணியை எட்டினால் நோய் எனக் கொள்ளப்பட்டது. எண்ணின் பெயரையும் கடந்து குறியாக்கம் செய்த மொழிபெயர்ப்பு அது.

இவ்வழிகாட்டுதலைத் தமிழாக்குவோர் இரு இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழில் மூச்சை இழுத்தலும் மூச்சு, விடுதலும் மூச்சு. ஓர் இழுப்பும் ஒரு விடுப்பும் சேர்ந்தது ஒரு மூச்சு எனக் கையேடு சொல்லாவிடின் எண்ணிக்கை இரட்டித்து, நலமுள்ள குழந்தை நோயாளி ஆகிவிடும். அவ்வாறே ‘நெஞ்சு இழுத்தல்’ என்ற தொடர் இரைப்பையும் குறிக்கும். ‘மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி குழிதல்’ என விரித்தெழுதுவதே தெளிவு. 2019ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய நிமோனியா விழிப்புணர்வு இயக்கத்தின் சுருக்கப்பெயர் ‘சான்ஸ்’. இந்தியில் மூச்சு எனப் பொருள்படும் அப்பெயர் தமிழெழுத்தில் வாய்ப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவே படிக்கப்படும். ஒலிபெயர்ப்பு பொருளைக் கைவிடும் இடங்களுள் இதுவும் ஒன்று.

9. ஆஸ்டின் டவுனின் சொற்கள்

பன்மொழிச் சூழல் இச்சிக்கல்களை மிகுவிக்கிறது. கன்னடத்தில் ‘உசிரு’ என்பது மூச்சு. தமிழின் உயிர் என்பதும் அதுவும் ஒரே திராவிட வேரினின்று கிளைத்தவை. ஆனால் பேச்சுத் தமிழில் ‘உசிரு’ என்பது உயிரையே குறிக்கும். கன்னடம் பேசும் செவிலியர் ‘உசிரு’ பற்றிக் கேட்கும்போது தமிழ்த் தாயின் செவியில் விழுவது வேறு வினா. தக்கினி உருதின் வழி வந்த ‘தம்’ என்னும் சொல்லுக்கும் மூச்சென்னும் பொருள் உண்டு. எக்ஸ்-கதிர் எடுக்கையில் ‘தம் கட்டு’ என்பது எளிதில் விளங்கும் ஏவல். பிறவிடத்தில் அதே சொல் புகைத்தலைக் குறிக்கும்.

இவற்றினும் இடர் மிக்கது ‘இளைப்பு’. இச்சொல்லுக்கு மூச்சிரைப்பு என்பது ஒரு பொருள். உடல் மெலிவு என்பது மற்றொன்று. ‘பிள்ளைக்கு இருமல், இளைப்பு’ என்ற கூற்றை முதற்பொருளில் கொண்டால் மருத்துவரின் கருத்து நிமோனியா அல்லது ஆஸ்துமா நோக்கிச் செல்லும். இரண்டாம் பொருளில் கொண்டால் காசநோயை நோக்கிச் செல்லும். முன்னதில் நாழிகைகள் மதிப்புடையன. பின்னதில் சோதனைகளுக்குச் சில நாள் காத்திருக்கலாம். சளி என்பதும் மூக்கொழுக்கு, மார்புக்கோழை, தடிமன் ஆகிய அனைத்துக்கும் பொது. ‘மார்ச்சளி’ என மக்களே வேறுபடுத்தும் வழக்கைக் கேட்போர் குறித்துக்கொள்ளத் தவறினால், தாய் செய்த பாகுபாடு குறிப்பேட்டில் அழிந்துபோகிறது.

நோயாளியின் கூற்று புறக்கணிக்கப்படுவதன் விளைவை இதே பெங்களூரில் இயங்கும் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சார்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963ஆம் ஆண்டில் காட்டியுள்ளனர். தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் அவர்கள் கண்ட காசநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் தம் குறிகளுக்காக ஏற்கெனவே மருத்துவ உதவி நாடியிருந்தனர். நோயாளிகள் வாய்திறந்திருந்தனர், அவர்கள் கூறியது நோயறிதலாக மாறவில்லை. அது காசநோய் பற்றிய ஆய்வாயினும், இருமலோடு வரும் எவருடைய பேச்சுக்கும் பொருந்தும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. நோய்ப்பெயரைப் பெயர்க்கும்போது அப்பெயர் குறிகளையா, உறுப்பின் நிலையையா, காரணியையா எதனைச் சுட்டுகிறது எனத் தெளிதல் வேண்டும். தேர்வுக்குரிய சொற்களையும் ஒலிகளையும் பொருள்நோக்கிப் பெயர்க்காமல் அவற்றின் பயன்நோக்கித் தமிழில் தெரிதல் வேண்டும். இணைச்சொல் படைப்போர் அது இணைச்சொல்லே எனப் பதிவுசெய்தல் வேண்டும். கலைச்சொல் தொகுதிகள் நூலுக்குரிய பெயர்ச்சொற்களோடு நில்லாமல், இளைப்பு, இரைப்பு, இழுப்பு, குத்து, மார்ச்சளி முதலிய மக்கள் சொற்களை வட்டாரப் பொருள் வேறுபாட்டோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பெங்களூர்த் தமிழுக்கு இத்தகைய தொகுதி கன்னட, உருதுச் சொற்களின் பொருள் மயக்கங்களையும் காட்டுவதாய் அமைதல் நன்று.

இவையனைத்தினும் எளிதாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நோய்க்குறிப்பேட்டில் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு அருகில், நோயாளியோ தாயோ சொன்ன தொடரை அவர் மொழியிலேயே எழுதிவைத்தலே அது. ‘மூச்சு வேகமா வாங்குது, பால் குடிக்கமாட்டேங்குது’ என்ற தொடர் ஏட்டில் இருப்பின், முதல் மொழிபெயர்ப்பு பிழைபட்டாலும் அடுத்து வரும் மருத்துவர் அதனைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.